உங்களுக்குத் தெரியுமா? காலேஜுக்குள்ளே கம்பெனி!

அட்டெண்டன்ஸ் பத்தலை. வகுப்புப் பக்கம் ஆளைப் பார்த்தே நாளாச்சு. ஆனாலும் அந்த மாணவரைப் பரீட்சை எழுத விடலாம்! ஏனுங்க? அவர் கம்பெனி நடத்துகிறார்! 2019-ல் மத்திய அரசு கல்லூரிகளுக்காக வெளியிட்ட ஸ்டார்ட்-அப் கொள்கையிலேயே இது இருக்கிறது!

இன்னொன்று. ஃபைனல் இயர் புராஜெக்ட்டை எங்கேயோ காசு கொடுத்து வாங்கி பைண்டிங் போட வேண்டாம். சொந்தக் கம்பெனி வேலையையே புராஜெக்ட்டாகக் காட்டலாம்! அதே கொள்கைதான்!

ஒரு செமஸ்டர் வேண்டுமா, ஒரு வருஷம் வேண்டுமா? படிப்பை நிறுத்தி வைத்துவிட்டு கம்பெனியைக் கவனிக்கலாம். திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம்! வீட்டில் அப்பா என்ன சொல்வார் என்பது மட்டும் கொள்கையில் இல்லை!

மாணவருக்கு மட்டுமா? வாத்தியாரும் லீவு போட்டுவிட்டுக் கம்பெனி ஆரம்பிக்கலாம்!

சும்மா கொடுப்பார்களா? இடம், லேப், மெஷின் எல்லாம் கொடுக்கிற கல்லூரி, பதிலுக்கு மாணவர் கம்பெனியில் பங்கு கேட்கலாம். எவ்வளவு? 2 சதவீதத்திலிருந்து 9.5 சதவீதம் வரை! பத்தைத் தொடவில்லை, பார்த்தீங்களா!

கல்லூரியின் வருஷ பட்ஜெட்டில் இதற்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டியது குறைந்தது 1 சதவீதம்! உங்கள் பிள்ளை படிக்கிற கல்லூரியில் எடுத்து வைத்திருக்கிறார்களா? ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்!

1984! இந்த ஒரு வருஷத்தில் நம்ம கொங்கு மண்டலத்தில் நடந்ததைக் கேளுங்க. பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரி பிறந்தது. கோவையில் குமரகுரு கல்லூரி பிறந்தது. பவானிக்குப் பக்கத்திலேயே சித்தோட்டில் ஐ.ஆர்.டி.டி. பிறந்தது. மூன்றும் ஒரே வருஷம்!

அதே 1984-ல் அமெரிக்காவில், டெக்சாஸ் பல்கலைக்கழக ஹாஸ்டல் அறையில் ஒரு பையன் கம்ப்யூட்டர் விற்க ஆரம்பித்தான். கையில் 1,000 டாலர். வயது 19. பெயர் மைக்கேல் டெல்!

அந்த ஐ.ஆர்.டி.டி.க்கு இன்றைய பெயர் என்ன தெரியுமா? ஈரோடு அரசு பொறியியல் கல்லூரி!

கொங்கு பொறியியல் கல்லூரியைத் தொடங்கியது ஒரு பணக்காரர் அல்ல. 41 பேர்! ஊருக்கு நல்லது செய்ய நினைத்த 41 பேர் சேர்ந்து அமைத்த அறக்கட்டளை!

அந்தக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே புதுக் கம்பெனிகளை வளர்த்துவிட ஒரு தனி மையம் இருக்கிறது. தொழில்நுட்ப வணிகக் காப்பகம்! டெல்லியில் இருக்கிற மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையோடு கை கோத்து வந்தது. பவானியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வாசலில் இறங்கலாம்!

சென்னைக்குத்தான் போகணும் என்று யார் சொன்னது? தமிழ்நாடு அரசின் 'ஸ்டார்ட்-அப் டிஎன்' அமைப்பு மதுரையிலும் திருநெல்வேலியிலும் வட்டார மையம் வைத்தபோது, கூடவே தேர்ந்தெடுத்த இன்னொரு ஊர் எது? நம்ம ஈரோடு!

அந்த அமைப்பின் 'டான்சீட்' திட்டத்தில் தேர்வாகும் புதுக் கம்பெனிக்குக் கிடைப்பது 10 லட்சம் ரூபாய்! பெண்கள் நடத்தும் கம்பெனி என்றால் 15 லட்சம்! பொண்ணுங்களா, கவனிச்சீங்களா?

ஐடியா மண்டையில் மட்டும்தான் இருக்கிறதா? அதைக் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு மாடல் செய்ய மத்திய அரசின் 'நிதி-பிரயாஸ்' திட்டம் தருவது 10 லட்சம் வரை! கல்லூரிக் காப்பகங்கள் வழியாகத்தான் வரும்!

வேலைக்குப் போகாமல் கம்பெனி ஆரம்பிக்கிறேன் என்று உட்கார்ந்த பட்டதாரிக்கு மாதச் சம்பளம் போல ஒரு தொகை கொடுக்கிற திட்டமும் உண்டு! மாதம் 30,000 ரூபாய் வரை! வேலை தேடாததற்குச் சம்பளம்!

கண்டுபிடித்ததற்குக் காப்புரிமை வாங்கப் போனால் கட்டணம் கண்ணைக் கட்டும் என்று பயமா? 2021-லிருந்து கல்வி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டணத்தில் தள்ளுபடி. எவ்வளவு? 80 சதவீதம்! ஆடித் தள்ளுபடியிலும் கிடைக்காது!

இந்தக் கதையெல்லாம் நேற்று முளைத்தது என்று நினைக்காதீங்க. 1926! கோவை பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தைப் பிரித்தார்கள். நான்கு பாகமாக அல்ல. ஐந்து பாகமாக! ஐந்தாவது பாகம் தர்மத்துக்கு!

அந்த ஐந்தாவது பாகம் எவ்வளவு தெரியுமா? 2 லட்சத்து ஆயிரம் ரூபாய்! இன்றைய பி.எஸ்.ஜி. கல்லூரிகள், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் விதை அதுதான்!

1951-ல் வந்த பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கூடப் பிறந்த பிறப்பு போல ஒரு தொழிற்சாலை உண்டு. மோட்டாரும் பம்பும் லேத்தும் செய்கிற நிஜத் தொழிற்சாலை!

அந்தக் கல்லூரியில் இன்றைக்கும் 'சாண்ட்விச்' இன்ஜினியரிங் படிப்பு இருக்கிறது. நான்கு வருஷம் அல்ல, ஐந்து வருஷம்! வகுப்பும் தொழிற்சாலையும் மாறி மாறி!

1998-ல் அதே கல்லூரி புதுக் கம்பெனிகளுக்கென்று ஒரு பூங்காவே அமைத்தது. பி.எஸ்.ஜி. ஸ்டெப்! கூகுள் கம்பெனி பதிவானதும் அதே வருஷம்தான்!

ஆனால் நம்ம திருச்சி கோவையை முந்திவிட்டது! அங்கே மண்டலப் பொறியியல் கல்லூரியை ஒட்டி இப்படியொரு பூங்கா வந்தது 1986-லேயே! அந்தக் கல்லூரிதான் இன்றைய என்.ஐ.டி.!

பி.எஸ்.ஜி. டெக்கில் எலெக்ட்ரிக்கல் படித்த ஒரு மாணவர் 1976-ல் நண்பர்களோடு சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார். போட்ட முதல் 1 லட்சத்து 87 ஆயிரம் ரூபாய் என்பார்கள். கம்பெனி எச்.சி.எல். மாணவர் சிவ நாடார்!

இனி வருவதுதான் இந்த வாரத்தின் மாணிக்கம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஒருவர் இன்ஜினியரிங் கல்லூரியே தொடங்கினார்! வருஷம் 1945. ஆள் ஜி.டி. நாயுடு!

அந்தக் கல்லூரி எங்கே என்று தேடுகிறீங்களா? கோவைக்காரர்கள் தினமும் அதன் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். தடாகம் ரோட்டில் இருக்கிற ஜி.சி.டி.! அப்போது ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் இருந்தது!

நாயுடு சொன்னார்: இன்ஜினியரிங் படிக்க நான்கு வருஷம் எதற்கு? இரண்டே போதும்! அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் விலகிவிட்டார்! என்னைக் கேட்டால் அவர் கட்சிதான் நான்!

அவருடைய சொந்தக் கம்பெனி 1920-ல் தொடங்கியபோது சொத்து எத்தனை பஸ்? ஒன்றே ஒன்று! பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓடியது. ஓட்டுநரும் அவரே!

1937-ல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கொண்டு வந்தது, இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார்! நம்ம கிணற்று மேட்டு மோட்டார் ரூமுக்கெல்லாம் பாட்டன்!

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இன்னொரு கோவைக்காரர். 2006-ல் தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு சென்னை ஐ.ஐ.டி.க்குப் போனார். அங்கிருந்து அது தேசிய விருது வரை போனது! நாப்கின் மெஷின் செய்த அருணாசலம் முருகானந்தம்தான் அவர்!

அப்போது வெளிநாட்டு மெஷின் விலை மூன்றரைக் கோடியாக இருந்தது. முருகானந்தம் மெஷின் விலை 65,000 ரூபாய்தான்!

ஐ.ஐ.டி. என்றதும் இதைக் கேளுங்க. 2024-25 என்ற ஒரே நிதியாண்டில் சென்னை ஐ.ஐ.டி. கைபிடித்து நடக்க வைத்த புதுக் கம்பெனிகள் 104! கணக்குப் போட்டால் மூன்றரை நாளைக்கு ஒன்று!

அந்த வளாகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆராய்ச்சிப் பூங்காவின் பரப்பு 12 லட்சம் சதுர அடி! அதில் மாணவர்களும் கம்பெனிக்காரர்களும் ஒரே லிஃப்ட்டில் போய் வருகிறார்கள்!

ஏத்தர் ஸ்கூட்டர் ரோட்டில் சத்தமில்லாமல் உங்களைத் தாண்டிப் போகிறதா? அது சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரின் குழந்தை. 2013-ல் கல்லூரிக் காப்பகத்தில் வளர்ந்தது. 2025-ல் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது! தயாராவது எங்கே? நம்ம ஓசூரில்!

2024 மே 30. ஸ்ரீஹரிகோட்டா. பலமுறை தள்ளிப் போட்ட ராக்கெட் கடைசியில் சீறிக் கிளம்பியது. அது இஸ்ரோ ராக்கெட் அல்ல! சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் கம்பெனியின் ராக்கெட்!

அதன் எஞ்சினில் எத்தனை பாகங்களைச் சேர்த்துப் பற்ற வைத்தார்கள்? பூஜ்யம்! முழு எஞ்சினும் முப்பரிமாண பிரிண்டரில் ஒரே துண்டாக அச்சடித்தது!

நடிகர் அஜித் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தது தெரியுமா? குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா ட்ரோன் குழுவுக்கு அவர்தான் ஆலோசகராக இருந்தார்! 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் அந்தக் குழு இரண்டாவது இடம்!

'நண்பன்' பார்த்திருப்பீங்க. அதன் மூலப்படம் '3 இடியட்ஸ்'. அந்த இந்திப் படத்தில் ஹாஸ்டல் ஜன்னல் வரைக்கும் பறந்து போகும் குட்டி ஹெலிகாப்டர் சும்மா சினிமா பொம்மை அல்ல. மும்பை ஐ.ஐ.டி. மாணவர்கள் தொடங்கிய ஐடியாஃபோர்ஜ் கம்பெனி செய்தது! அந்தக் கம்பெனியும் 2023-ல் பங்குச் சந்தைக்கு வந்தாச்சு!

36 மணி நேரம் விடாமல் கம்ப்யூட்டர் கோடு எழுதுகிற போட்டி தெரியுமா? ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். 2017-லிருந்து மத்திய அரசே நடத்துகிறது! டீ யார் போட்டுக் கொடுக்கிறார்களோ, அவர்களுக்கும் ஒரு பரிசு தரலாம்!

இன்ஜினியரிங் மட்டும்தானா என்று கோபிக்காதீங்க. 2015-லிருந்து நாடு முழுக்க வேளாண் மாணவர்கள் கடைசி வருஷத்தில் ஒரு தொழிலை நிஜமாகவே நடத்திப் பார்க்கிறார்கள். காளான் வளர்ப்பார்கள், நாற்று விற்பார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் சேர்த்திதான். லாபத்தில் அவர்களுக்கும் பங்கு!

காவிரிப் பாலத்தைத் தாண்டி குமாரபாளையம் போங்க. மாவட்டமே மாறிவிடும்! அங்கே ஜவுளித் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பாலிடெக்னிக் இருக்கிறது. எஸ்.எஸ்.எம்.! பவானிக் கரையில் தறி, குமாரபாளையக் கரையில் படிப்பு!

நம்ம பவானி ஜமக்காளத்துக்குச் சட்டமே காவல் நிற்கிறது! 1985-ன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் விசைத்தறி தொடக்கூடாத பட்டியலில் இன்று இருப்பவை 11 பொருள்கள். அதில் ஜமக்காளமும் ஒன்று!

ஆனால் அந்த ஜமக்காளத்தை லண்டன் ஃபேஷன் வீக் மேடையேற்றியது யார்? ஆர்க்கிடெக்ட் படிப்பு படித்துவிட்டு ஆடை வடிவமைப்புக்கு வந்த வந்தவாசிப் பெண் வினோ சுப்ரஜா! வருஷம் 2023. பவானி நெசவாளர் ஒருவரும் அந்த மேடையில் நடந்து வந்தார்! சுத்துவட்டாரக் கல்லூரிகளின் ஃபேஷன் பிள்ளைகளே, உங்களை முந்திவிட்டார்கள்!

கொஞ்சம் வெளியூர் போவோமா? தொழில் தொடங்குவது எப்படி என்று ஹார்வர்டு முதல் வகுப்பு நடத்தியது 1947-ல். நாம் சுதந்திரம் வாங்கிய வருஷம்! உட்கார்ந்து கேட்டவர்கள் 188 பேர்!

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஃபிரெட் டெர்மன் தன் மாணவர்கள் இரண்டு பேரைக் கம்பெனி ஆரம்பிக்கச் சொல்லி உசுப்பிவிட்டார். 1939. கார் ஷெட். முதல் 538 டாலர். அதுதான் எச்.பி.!

அதே ஸ்டான்ஃபோர்டில்தான் கூகுள் முதலில் ஓடியது. கல்லூரி முகவரியிலேயே! தொழில்நுட்பத்துக்குப் பதிலாகக் கிடைத்த பங்குகளை 2005-ல் பல்கலைக்கழகம் விற்று முடித்தபோது கையில் வந்தது 33 கோடியே 60 லட்சம் டாலர்!

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்தவர்கள் தொடங்கி நடந்துகொண்டிருக்கும் கம்பெனிகள் எத்தனை? 2015-ல் அவர்களே எடுத்த கணக்கு: 30,000! அதில் வேலை பார்ப்பவர்கள் 46 லட்சம் பேர்!

2003-ல் பின்லாந்தில் ஒரு மொபைல் கேம் போட்டி. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர் ஜெயித்தார்கள். அந்த ஜோரில் கம்பெனி போட்டார்கள். ஆறு வருஷம் கழித்து அந்தக் கம்பெனி ஒரு கேம் விட்டது. உங்கள் வீட்டுப் பொடிசும் கவண் இழுத்து விளையாடியிருக்கும். ஆங்கிரி பேர்ட்ஸ்! அது அவர்களுடைய எத்தனையாவது கேம் தெரியுமா? 52!