சொலிடஸ்: சரிந்த பேரரசின் சரியாத காசு

6ஆம் நூற்றாண்டில் இலங்கை அரசன் அவையில் ஒரு வழக்கு. ரோம மன்னன் பெரியவனா, பாரசீக மன்னன் பெரியவனா? ரோம வணிகன் சோபாத்ரோஸ் வாதாடவில்லை. இருவர் நாணயங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள் என்றான். ஒன்று பளபளக்கும் பொன், மற்றது வெள்ளி. அரசன் சோபாத்ரோசை யானைமேல் ஏற்றி, முரசறைந்து நகர்வலம் விட்டானாம். பயணி கொஸ்மாஸ் இண்டிகோபிளூஸ்தஸ் எழுதிவைத்த கதை இது.

வேடிக்கை என்னவென்றால், மேற்கு ரோமப் பேரரசு 476இலேயே விழுந்துவிட்டது. பேரரசின் பாதி போயிற்று, காசு மட்டும் தேயவில்லை.

அந்தக் காசுதான் சொலிடஸ். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்டன்டைன் புகுத்தியது. ஒரு ரோம இறாத்தல் பொன்னுக்கு 72 காசுகள். ஒன்று ஏறத்தாழ 4.5 கிராம். அரசு வரியைப் பொன்னாகவே கேட்டது. வந்த காசை உருக்கிப் புடம்போட்ட பின்பே மீண்டும் அச்சிட்டது. தன் காசில் கலப்படம் செய்தால் அது வரியாகத் தன்னிடமே திரும்பி வரும். கிழக்கு ரோமப் பேரரசில் 11ஆம் நூற்றாண்டு வரை மாற்றுக் குறையாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேரரசின் நலிவைப் பார்க்க வேண்டுமானால் செம்பைப் பார்க்கவேண்டும். 4, 5ஆம் நூற்றாண்டுகளின் பொடிச் செப்புக்காசுகள் இலங்கை மண்ணில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்து இங்கேயே அச்சிட்ட போலிகளும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் ரோமக் காசுகள் கிடைத்தன. அங்கே புளியங்கூடல் போன்ற ஓர் ஊரில் கிணறு வெட்டும்போது ரோமக் காசு ஒன்று அகப்பட்டால், அது பொன்னாக இருப்பதைவிடச் செம்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சேகரிப்பவர் முதலில் தராசைத்தான் எடுப்பார். எடை குறைந்தால் ஓரம் சுரண்டப்பட்டிருக்கலாம், அல்லது காசே போலியாக இருக்கலாம். பழங்காசு அச்சில் அடித்தது. வார்த்த போலியில் நுண்ணிய காற்றுக் குமிழிகளும் விளிம்பைச் சுற்றி ஒட்டுத் தடமும் தெரியும். தென்னிந்தியாவில் கிடைத்த சொலிடஸ் பலவற்றில் மன்னன் தலைக்கு மேல் இரண்டு துளைகள் இருக்கும். கழுத்தில் கோத்து அணிந்த அடையாளம் அது. ஏலத்தில் துளை விலையைக் குறைக்கும். ஆனால் மன்னன் முகம் ரோமப் பேரரசில் அச்சான கதையைச் சொல்கிறது. துளைதான் அது நம் பக்கம் வந்து அணிகலனான கதையைச் சொல்கிறது.

இலங்கையில் மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்கே உரியது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. காசு அகப்பட்டால் தேய்த்துப் பளபளப்பாக்காமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை. எந்த மண்ணில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற குறிப்பு தொலைந்துவிட்டால், காசின் பாதி வரலாறும் தொலைந்துவிடும்.