வெள்ளித் தகடும் சுவர் ஓதமும்

"கட்டி சுருங்கிவிட்டது, பார்வையும் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு எதற்கு நாலு மாதத்துக்கொரு தடவை மலை இறங்கச் சொல்கிறார்கள்?" ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவு, அப்புறம் சேலத்தில் ரயில் பிடித்துச் சென்னை. அலுப்பு நியாயம்தான்.

கண்ணுக்குள் இருந்த கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுக்க அவர் கண்ணில் வைத்து எடுத்தது ருத்தீனியம்-106 தகடு. அதன்மேல் எனக்குத் தனி மோகம். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளிக் கிண்ணம், ஒரு மில்லிமீட்டர் தடிமன். கட்டி இருக்கும் இடத்துக்கு நேராக, விழியின் வெளிச்சுவரில் தைத்துவிட்டு, சில நாளில் பிரித்தெடுப்பார்கள். கட்டியை அழிக்கும் அளவு கதிர் ஐந்தாறு மில்லிமீட்டர் ஆழம்வரைதான் போகும். ஒரு காலத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த சரக்கு இது. இப்போது மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையமும் செய்கிறது, அதுவும் எதிலிருந்து? அணு உலைக் கழிவிலிருந்து! எங்கே கொட்டுவது என்று உலகமே தலையைப் பிய்த்துக்கொள்ளும் குப்பையிலிருந்து பிரித்த உலோகம், கண்ணைத் தோண்டி எடுக்காமல் காக்கிறது.

ஆனால் கதிருக்குக் கட்டி எது, அதன் பக்கத்து ரத்தக் குழாய் எது என்று தெரியாது. ஏற்காடு ஏரிப் பக்கம் நான் குடியிருந்த வீட்டில் சுவருக்குள் குழாய் கசிந்தது. மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. விழித்திரையிலும் அதே கதைதான். மயிரிழைக் குழாய்களின் உள்தோல் மெல்ல நைந்து, ஓரிரண்டு வருஷம் கழித்துக்கூட நீர் கசியும். பார்வையின் நடுப்புள்ளி உப்பும். நமக்குத் தெரியுமுன், விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனுக்குத் தெரிந்துவிடும்.

கசிவை அடக்க பெவாசிசுமாப் ஊசி இருக்கிறது. முதலில் குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து, கண்ணுக்குத் துளியளவு போதும். பிலடெல்பியாவின் வில்ஸ் கண் மருத்துவமனையில் தகடு வைத்தவர்களுக்குக் கசியும்வரை காத்திருக்காமல் நாலு மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருஷம் போட்டார்கள். போடாதவர்களைவிட அவர்களுக்குப் பார்வை கூடுதலாகத் தங்கியது. எல்லாருக்கும் பார்வை தங்கிவிடும் என்று சொல்ல முடியாது. கட்டி பார்வை நரம்பை ஒட்டியிருந்தால் சிரமம்தான். சர்க்கரை இருந்தால் கசிவு இன்னும் சீக்கிரம் வரும். நம்மவர்களோ கட்டி போனதும் கோயிலுக்கு வேண்டுதலைச் செலுத்துவார்கள், மறுபரிசோதனைச் சீட்டை அலமாரியில் போட்டுவிடுவார்கள். தையல் பிரித்த அன்றே இரண்டு வருஷத் தேதிகளையும் எழுதிக் கொடுத்தால் என்ன என்று மருத்துவமனைகளையும் கேட்கத் தோன்றுகிறது.

டிசம்பர் முறை பழம் பறிப்போடு மோதுகிறது என்று கடிதத்தின் கடைசியில் குறைப்பட்டிருக்கிறார். தேதியை நவம்பர் முதல் வாரத்துக்கு முன்தள்ளித் தரச் சொல்லிக் கேளுங்கள் அண்ணே. சர்க்கரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.