முழு நைட் முடித்து வந்தவர்

அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தார். கோவைப் பக்கத்து ஆலைகளில் சொல்வதுபோல, ஒரு வாரம் முழு நைட், மறு வாரம் அரை நைட், அதற்கடுத்த வாரம் பகல். பிறகு மறுபடியும் முழு நைட். இந்த வரிசையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முழு நைட் என்றால் இரவு 12 மணிக்கு உள்ளே போய்க் காலை 8 மணிக்கு வெளியே வருவது. ஏறுவெயிலில் சைக்கிள் மிதித்து வருவார். முடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு படுப்பார். ஜன்னலில் அம்மா ஒரு பழைய கறுப்புப் புடவையைக் கட்டியிருப்பாள். "சத்தம் போடாதீங்க கண்ணு, அப்பா முழு நைட் பாத்துட்டு வந்து படுத்திருக்காங்க" என்று எங்களைத் தெருவுக்கு விரட்டுவாள். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும், மதியம் ஒரு மணிக்கெல்லாம் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பார். கண் சிவந்திருக்கும். யாராவது ஒரு டம்ளரைக் கீழே போட்டால் போதும், வீடு அதிரும்.

அப்பா கோபக்காரர் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். வயிற்றெரிச்சல் அவருக்குக் கூடவே பிறந்தது என்றும் நம்பினோம். அந்தக் கோபமும் எரிச்சலும் எங்கிருந்து வந்தன என்று எனக்குப் புரிந்தது, உடலுக்குள் ஓடும் கடிகாரத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான்.

அந்தப் படிப்பு என்னை முதலில் கொண்டுபோய் விட்ட இடம் மதுரை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற உயிரியலாளர் காலத்தைப் பற்றி ஆராய்ந்து வந்தார். அவரும் மாரிமுத்து, ராஜன் ஆகியோரும் 1981இல் வெளியிட்ட ஓர் ஆய்வு வௌவால்களைப் பற்றியது. வெளிச்சமே எட்டாத குகைக்குள், பூச்சி தின்னும் வௌவால் ஒன்றைக் கூண்டில் வைத்தார்கள். அதற்குச் சூரியன் தெரியாது, பொழுது சாய்வதும் தெரியாது. ஆனாலும் குகையில் இருந்த மற்ற வௌவால்கள் இரைதேடக் கிளம்பும் நேரத்துக்குக் கூண்டு வௌவாலும் சிறகடிக்கத் தொடங்கியது, நாள் தவறாமல். வேறு வௌவாலே இல்லாத குகையில் வைத்தபோது அந்த ஒழுங்கு தளர்ந்தது. உள்ளே ஓடும் கடிகாரம் ஊர்ப்பொழுதை விட்டு விலகித் தன் போக்கில் போகத் தொடங்கியது. வௌவாலுக்கு இனத்தின் நடமாட்டமே மணி சொல்லியிருக்கிறது.

மனிதர்களையும் அவர்கள் விடவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் கடிகாரம், செய்தித்தாள், வெளியுலகச் சத்தம் எதுவும் எட்டாத தனி அறை ஒன்றைக் கட்டி, தாமாக முன்வந்தவர்களை வாரக்கணக்கில் அதில் தங்கவைத்தார்கள். தோன்றும்போது படுக்கலாம், தோன்றும்போது எழலாம். அப்படி விட்டால் நம் நாள் 24 மணி நேரத்தைத் தாண்டி நீள்கிறது. சிலருக்கு இன்னும் விசித்திரமாக, தூக்கமும் விழிப்பும் ஒரு தாளத்தில் ஓட, உடல் வெப்பத்தின் ஏற்ற இறக்கம் வேறொரு தாளத்தில் ஓடியது. ஒரே உடம்புக்குள் இரண்டு நாட்காட்டிகள். பிரான்ஸைச் சேர்ந்த மிஷேல் சிஃப்ர் 1962இல் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் இரண்டு மாதம் தனியாக இருந்துவிட்டு செப்டம்பர் 14இல் வெளியே வந்தார். அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. மனம் போட்ட கணக்கு தப்பியது. ஆனால் அவர் தூங்கி விழித்த பதிவுகளைப் பார்த்தால், உடம்பு ஏறக்குறைய ஒவ்வொரு நாளையும் சரியாகவே எண்ணி வந்திருந்தது.

அந்த எண்ணிக்கை நடக்கும் இடம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட இரண்டு சின்னத் திரள்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சில மரபணுக்கள் புரதத்தைச் செய்கின்றன. அந்தப் புரதம் சேர்ந்து பெருகியதும், தன்னைச் செய்த மரபணுவையே போய் நிறுத்துகிறது. புரதம் சிதைந்து குறைந்ததும் மரபணு மறுபடி வேலையைத் தொடங்குகிறது. இந்தச் சுற்று ஒன்று முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களில் இதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதக் கடிகாரத்தின் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். தினமும் யாராவது அதைத் திருத்தி வைக்க வேண்டும். வௌவாலைப் போல் நமக்குச் சுற்றத்தின் நடமாட்டம் போதாது. நம்மைத் திருத்துவது பெரும்பாலும் வெளிச்சம். விழித்திரையில் உருவம் பார்ப்பதற்கு அல்லாமல் வெளிச்சத்தை அளப்பதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. நீல ஒளி பட்டால் அவை மிக அதிகமாகத் தூண்டப்பட்டு, பொழுது என்ன என்று மூளைக்குத் தெரிவிக்கின்றன.

இப்போது அப்பாவின் சைக்கிளுக்கு வருகிறேன். ஆலைக்குள் இரவெல்லாம் எரியும் விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று தோன்றினாலும், அதன் அளவு பொதுவாகச் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய காலையிலும் வெளியே 10,000 லக்ஸ் இருக்கும், நல்ல வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். இரவு முழுக்க மங்கலில் நின்றுவிட்டு, எட்டரை மணி வெயிலில் கண்ணைக் காட்டிக்கொண்டு வந்தவரிடம் உடல் கடிகாரம் என்ன சொல்லும்? "விடிந்துவிட்டது, எழுந்திரு" என்றுதான் சொல்லும். அலுப்பு அவரைப் படுக்கையில் தள்ளியது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும், தூக்கம் அழுத்துவது அதனால். மூன்று மணி நேரம் தூங்கியதும் அந்த அழுத்தம் பாதி வடிந்துவிடும். அந்த நேரத்தில் உடல் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும், இரவுக்குரிய மெலடோனின் சுரப்பு எப்போதோ நின்றிருக்கும். பிறகு அவரைக் கட்டிலில் பிடித்து வைக்க எதுவும் இல்லை. அம்மா கட்டிய கறுப்புப் புடவை ஜன்னல் வெளிச்சத்தைத் தடுத்தது. வரும் வழியில் கண்ணுக்குள் போன வெளிச்சத்தை அது என்ன செய்யும்?

வயிற்றெரிச்சலுக்கு மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. கல்லீரல், கணையம், குடல் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. மூளைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைக்கிறது, இவை பெரும்பாலும் சாப்பாட்டைப் பார்த்து நேரம் வைக்கின்றன. இரவு இரண்டு மணிக்குச் சோறு இறங்கினால், மூளை 'நள்ளிரவு' என்கிறது, கல்லீரல் 'மத்தியானம்' என்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 19 பேரை ஆய்வகத்தில் இரவு வேலைச் சூழலில் வைத்துப் பார்த்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அந்த ஏற்றமே இல்லை. 2021இல் இது வெளியானது. அடுத்த ஆண்டு அதே குழு மனநிலையைப் பற்றி எழுதியது என்னை இன்னும் நிறுத்திவைத்தது. இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சோர்வான மனநிலை 26 சதவீதமும் பதற்றம் 16 சதவீதமும் அதிகரித்திருந்தன. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு இரண்டுமே கூடவில்லை. சிறிய ஆய்வு, ஆய்வகத்துக்குள் நடந்தது. ஆனாலும் வயிற்றின் நேரமும் மனத்தின் நிறமும் இவ்வளவு நெருங்கிய உறவு என்று நான் நினைத்ததில்லை.

கோபத்துக்கும் கணக்கு உண்டு. சுமார் 35 மணி நேரம் தூங்காமல் வைக்கப்பட்டவர்களுக்கு மனதைச் சங்கடப்படுத்தும் படங்களைக் காட்டி மூளையைப் படமெடுத்தது மேத்யூ வாக்கரின் குழு. ஆண்டு 2007. பயத்தையும் சினத்தையும் கிளப்பும் அமிக்டலா, நன்றாகத் தூங்கியவர்களைக் காட்டிலும் 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. அதை அடக்கிவைக்கும் முன்மூளையோடு அதன் தொடர்பும் தளர்ந்திருந்தது. கீழே விழுந்த டம்ளருக்கு அப்பா கத்தியபோது அவருக்குள் நடந்தது இதுபோல ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். குணம் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். அவர் இருந்தபோது இது தெரிந்திருந்தால், குறைந்தபட்சம் நான் அவருக்குப் பயந்து ஓடியிருக்க மாட்டேன், பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன்.

இரவு வேலை ஆலைகளோடு நின்றுவிடவில்லை. மருத்துவமனை வார்டுகள், காவல் நிலையங்கள், கோயம்பேட்டில் மூட்டை இறக்கும் தோள்கள், விடிய விடிய ஓடும் ஆம்னி பஸ்கள், பழைய மகாபலிபுரம் சாலையில் அமெரிக்கப் பகலுக்காக விழித்திருக்கும் அலுவலகங்கள். பெண்களை ஆலைகளில் இரவு வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் ரத்து செய்தது. சமத்துவத்துக்கான தீர்ப்பு அது. வேலை உரிமையோடு பாதுகாப்பும் போக்குவரத்தும் சேர்ந்து வர வேண்டும் என்று அப்போது பேசினார்கள். இரவு முழுக்க விழித்துவிட்டு வீடு திரும்பும் பெண் காலையில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருக்கிறதே, அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. நான் பார்த்த செவிலியர்களில் நைட் டூட்டி முடிந்து நேரே போய்ப் படுப்பவர்கள் மிகக் குறைவு. முதலில் பிள்ளையின் டிபன் பாக்ஸ், பிறகு மாமியாரின் மாத்திரை, கடைசியில்தான் தலையணை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் இரவு வேலையை 'புற்றுநோயை உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளவை' என்ற பட்டியலில் 2007இல் சேர்த்தது, 2019இல் மறுபடி உறுதிசெய்தது. சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தப் பட்டியல் சொல்கிறது, ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அல்ல. எனவே பீதி வேண்டாம். அன்றாட ஆபத்து இன்னும் அருகில் இருக்கிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைவேகமும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் அளந்து காட்டினார்கள். நைட் முடித்து இருசக்கர வண்டியில் வீட்டுக்குப் போகும் அரை மணி நேரத்தை நினைத்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். கிளம்பும் முன் இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுப் போகலாம், முடிந்தால் பஸ்ஸில் போகலாம். வேறொருவர் ஓட்டும் வண்டியில் திரும்புகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால், அப்பாவின் கண்ணுக்குள் போன அந்த வெயில் இவர்கள் கண்ணுக்குள் போகாது. சொந்தமாக ஓட்டுபவருக்கு அதைச் சொல்ல மாட்டேன், அந்த வெளிச்சம்தான் அவரைச் சற்றாவது விழிக்கவைக்கிறது. வயிறாரச் சாப்பிடுவதை வேலைக்குப் போகும் முன்பே முடித்துக்கொண்டு, நள்ளிரவில் பசித்தால் கொஞ்சமாக ஏதாவது எடுத்துக்கொள்ளலாம். டீ, காபி ஷிப்டின் முன்பாதியோடு போதும். காஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அதிகாலை நாலு மணிக்குக் குடித்த டீ, ஒன்பது மணிக்கும் பாதி உள்ளே இருக்கும்.

இத்தனையும் தொழிலாளி தனியாகச் செய்ய வேண்டியவை. அவர் கையில் இல்லாத ஒன்றுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது என்று நினைக்கிறேன். ஷிப்ட் அட்டவணை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தாது உப்பு எடுக்கும் ஆலை ஒன்றில் தொழிலாளர்கள் வாராவாரம் இரவு, மாலை, பகல் என்று பின்னோக்கி மாறிக்கொண்டிருந்தார்கள். முழு நைட், அரை நைட், பகல் என்ற அப்பாவின் அதே வரிசை. சார்லஸ் சைஸ்லரின் குழு அதைத் திருப்பிப் போட்டது: பகல், மாலை, இரவு. வாரத்துக்கு ஒருமுறை மாறியதை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்கிப் பார்த்தது. நம் உள்கடிகாரம் இயல்பிலேயே 24 மணி நேரத்தைவிட நீளம் என்பதால், தள்ளிப் படுப்பது அதற்கு எளிது, முந்திப் படுப்பது கடினம். 1982இல் வெளியான முடிவின்படி தொழிலாளர்களுக்கு அட்டவணை பிடித்துப்போனது, உடல்நலம் தேறியது, வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள், ஆலையின் உற்பத்தியும் கூடியது. ஒரு ரூபாய் முதலீடு இல்லாமல், காகிதத்தில் மூன்று சொற்களின் வரிசையை மாற்றியதிலிருந்து தொடங்கிய நன்மை. அது வெளியான பிறகும் பல ஆண்டுகள் அப்பா பழைய வரிசையில்தான் மாறிக்கொண்டிருந்தார். அந்த ஆலையில் அட்டவணை போட்டவருக்கு யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாரக்கணக்கில் மனம் இருண்டே கிடந்தால், பகலிலும் தூக்கம் கூடிவராமல் வாழ்வே சலித்துப்போனால், அதை 'ஷிப்ட் அலுப்பு' என்று தள்ளிவிட வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள். தூக்க மாத்திரையையும் மெலடோனினையும் மருந்துக்கடையில் சொந்தமாகக் கேட்டு வாங்க வேண்டாம், மருத்துவரிடம் போகும்போது ஷிப்ட் நேரத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இப்போது நான் குடியிருக்கும் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு செவிலியர் இருக்கிறார். மாதத்தில் சில நாட்கள் அவர் வீட்டு அழைப்புமணியின் மேல் காலண்டர் அட்டையில் எழுதிய ஒரு குறிப்பு தொங்கும்: 'அம்மா தூங்குறாங்க. பெல் அடிக்காதீங்க.' எழுத்து அவருடைய மகளுடையது, மூன்றாம் வகுப்பு. அந்த நாட்களில் கூரியர்காரர் அவர்கள் பொட்டலத்தையும் எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார். நாலு மணிக்கு அந்தச் சிறுமி பள்ளியிலிருந்து வந்ததும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. எங்கள் திண்ணையில் பையைப் போட்டு உட்கார்ந்து, அட்டையை எப்போது எடுக்கலாம் என்று என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.