உங்களுக்குத் தெரியுமா? புக்கிட் மேரா பிள்ளைகளுக்காகச் சாட்சி சொன்ன டாக்டர்

ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982-இல் இயங்கத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலை, ஈயச் சுரங்கங்கள் மிச்சம் வைத்த மணலிலுள்ள மோனசைட் என்னும் கனிமத்திலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தது. கழிவில் மிஞ்சியது கதிர்வீச்சுள்ள தோரியம். பினாங்கு மருத்துவர் டி. ஜெயபாலன் அவ்வூர்ப் பிள்ளைகளின் உடல்நிலையை ஆராய்ந்து, மக்கள் தொடுத்த வழக்கில் சாட்சியமளித்தார். அவர்களின் வழக்கறிஞர் மீனாட்சி ராமன் 1987-இல் ஓப்பராசி லாலாங் எனும் கைது நடவடிக்கையில் பிடிபட்டார். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வென்ற நிறுவனமோ அடுத்த மாதமே கதவடைத்தது!

அவ்வூரில் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தால், அது ஆலைக் கழிவால்தான் வந்தது என்பதற்கு ஆதாரம் உண்டா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான், ஒரு சிற்றூரின் நோய்க் கணக்கை வைத்து அதை அறுதியிட முடியாது. ஆனால் அது இழப்பீட்டை முடிவு செய்யும்போது கேட்க வேண்டியது. பிள்ளைகளைப் பாதுகாக்க, ஆபத்து இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். பிள்ளைகள் தங்கள் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள்; மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கிறார்கள். தோரியம் பாதியாகக் குறையவோ சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். ஆலையை மூடினால் வேலைவாய்ப்பு போய்விடுமே என்ற வாதமும் எழுந்தது. ஆலை இயங்கியது சில ஆண்டுகள், கழிவைக் கிளேடாங் மலையில் புதைக்கும் பணியோ அதன்பின் பல ஆண்டுகள் இழுத்தது.