சிறு ஒலிவாங்கியும் மின்கலமும்

1902ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கொல்கத்தா நகரில் புகழ்பெற்ற பாடகி கௌஹர் ஜான் ஒரு பெரிய கூம்புக் குழாயின் முன் பாடினார். கிராமபோன் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பெர்க் அப்பாடலைப் பதிவு செய்தார். அங்கு ஒலிவாங்கி இல்லை. ஒலியைப் பதிய மின்சாரமும் பயன்படவில்லை. குரலின் ஆற்றலே குழாயின் முனையிலிருந்த மெல்லிய தகட்டை அதிரச் செய்தது. அதனோடு இணைந்த ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறியது. ஆதலால் பாடுவோர் குழாயை நெருங்கி, உரத்த குரலில் பாட வேண்டியிருந்தது.

இன்று சட்டையில் செருகும் சிறு ஒலிவாங்கி மெல்லிய பேச்சையும் தெளிவாக வாங்கிக்கொள்கிறது. அதற்கு மின்கலம் எவ்வாறு துணைபுரிகிறது?

ஒலி மின்குறிப்பாக மாறுதல்

சிறு ஒலிவாங்கிகளுள் பல ‘எலக்ட்ரெட்’ வகையைச் சார்ந்தவை. 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்டு செஸ்லர் ஆகிய இருவரும் இவ்வகையை உருவாக்கினர். இதனுள் ஒரு மெல்லிய படலமும், அதனை ஒட்டி ஓர் உலோகத் தகடும் உள்ளன. இவற்றிடையே நெடுங்காலம் நீங்காத மின்னேற்றம் நிலைபெற்றிருக்கும். ஒலி அலை படலத்தை அசைக்கும்போது இடைவெளி மாறுகிறது; அதனால் மின்னழுத்தமும் மாறுகிறது. இதுவரை மின்கலத்திற்கு வேலையில்லை.

ஆனால் இக்குறிப்பு மிகவும் வலுவற்றது. கம்பி வழியே செல்லும் ஆற்றல் அதற்கு இல்லை. எனவே படலத்தின் அருகிலேயே ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர் பொருத்தப்பட்டுள்ளது. மின்கலம் ஊட்டுவது இதனையே.

பேசாதபோதும் செலவு

ஓர் ஒலிவாங்கி 0.4 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை எடுப்பதாகக் கொள்வோம். 120 மில்லி ஆம்பியர்-மணி கொள்திறன் உடைய பொத்தான் மின்கலம் அதற்கு 300 மணி நேரம் உழைக்கும். நாள்தோறும் ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் 300 நாள்கள் வரும். அணைக்க மறந்துவிட்டால் பன்னிரண்டரை நாள்களில் தீர்ந்துவிடும். ஏனெனில் டிரான்சிஸ்டர், ஒருவர் பேசினாலும் பேசாவிட்டாலும், ஏறத்தாழ ஒரே அளவு மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். அமைதி மின்சாரத்தைச் சேமிப்பதில்லை; பொத்தானை அணைப்பதே சேமிக்கும்.

துர்கா பூசைப் பந்தலில் அறிவிப்பாளர் ஏந்தும் கம்பியில்லா ஒலிவாங்கி இதனினும் மிகுதியாகச் செலவிடும். குரலை வானொலி அலையாக மாற்றி அனுப்பும் பகுதிக்குப் பன்மடங்கு மின்னோட்டம் தேவை. அதனால் அதன் மின்கலம் சில மணி நேரத்திலேயே தளர்ந்துவிடும்; அப்போது ஒலி சிதையும், இடையிடையே அறுபடும்.

ஆகவே விழா தொடங்குமுன் மின்கலத்தைச் சோதித்தல், முடிந்தவுடன் அணைத்தல், நெடுநாள் பயன்படுத்தாதபோது வெளியே எடுத்து வைத்தல் ஆகிய மூன்றும் நற்பழக்கங்கள். வெளியே எடுக்காவிடில் பழைய மின்கலம் கசிந்து கருவியையே கெடுத்துவிடக்கூடும்.

பயிற்சி

1. கௌஹர் ஜானின் பாடலைப் பதிவு செய்ய எவ்வாற்றல் பயன்பட்டது?
2. ஒலிவாங்கியினுள் மின்கலம் எப்பகுதியை இயக்குகிறது?
3. மேற்கண்ட மின்கலத்தை நாள்தோறும் 2 மணி நேரம் பயன்படுத்தினால் எத்தனை நாள்கள் உழைக்கும்?
4. ‘அமைதி மின்சாரத்தைச் சேமிப்பதில்லை’ – விளக்குக.