திங்கட்கிழமைச் சமையலும் தவணைக் கடன் வீடும்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வீடுகளில் திங்கட்கிழமை என்றால் சிவப்புப் பயறும் சோறுந்தான். நாம் கடையில் ராஜ்மா என்று வாங்கும் பயற்றின் இனம் அது. முன்னாளில் திங்கள் துணி துவைக்கும் நாள். பயற்றை அடுப்பில் ஏற்றிவிட்டால் மெல்ல வெந்துகொண்டிருக்கும், பெண்கள் துவைக்கப் போகலாம். சலவை இயந்திரம் வந்த பின்னரும் வழக்கம் மாறவில்லை. அந்நகரில் பிறந்த ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் தம் கடிதங்களில் இவ்வுணவின் பெயரைச் சேர்த்தே கையொப்பமிட்டார்.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் தாக்கியது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தன; நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. ஒரே குழுவில் வாசித்தவர்கள் வெவ்வேறு மாநிலங்களில் தஞ்சம் புகுந்தனர்.

நீர் வடிந்தபின், உள்ளூர் நாளேடான ‘டைம்ஸ் பிக்கயூன்’ இதழுக்கு விந்தையான வேண்டுகோள்கள் வந்தன. பல்லாண்டுகளாகக் கத்தரித்துச் சேர்த்த சமையல் குறிப்புகள் கூழாகிவிட்டன, மீண்டும் தர இயலுமா என்று வாசகர்கள் கேட்டார்கள். வீட்டையே இழந்தவருக்குச் சமையல் குறிப்பு எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். இதழ் அப்படி எண்ணவில்லை. பழைய ஏடுகளிலிருந்தும் பிற வாசகர்களிடமிருந்தும் குறிப்புகளைத் தேடி வெளியிட்டது. 2008-இல் அவை நூலாகவும் வந்தன.

கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவர்கள் கூடி உண்ட ‘டூக்கி சேஸ்’ உணவகமும் மூழ்கியது. அதன் தலைமைச் சமையற்காரர் லியா சேஸ் அப்போது எண்பதைக் கடந்தவர். உணவகத்துக்கு எதிரே தற்காலிக இழுவை வண்டி வீட்டில் தங்கிக்கொண்டு சீரமைப்பைக் கவனித்தார். தொழிற்போட்டியாளர்களாக இருந்திருக்க வேண்டிய பிற சமையற்கலைஞர்களே விருந்து நடத்தி அவருக்கு நிதி திரட்டினார்கள். 2007-இல் கதவு மீண்டும் திறந்தது.

இசைக் கலைஞர்களின் நிலை சற்றுச் சிக்கலானது. கருவியை நன்கொடையாகத் தரலாம்; தங்க இடமில்லாதவர் ஊர் திரும்புவது எங்ஙனம்? இதை உணர்ந்த ஹாரி கானிக் ஜூனியர், பிரான்ஃபர்ட் மார்சலிஸ் என்னும் இரு உள்ளூர்க் கலைஞர்கள், ‘ஹாபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டி’ அமைப்புடன் இணைந்து ‘இசைக் கலைஞர் கிராமம்’ என்னும் குடியிருப்பை உருவாக்கினார்கள். மொத்தம் 72 தனி வீடுகள். இலவசமல்ல, வட்டியில்லாக் கடன், அதனுடன் கட்டுமானத்தில் குடும்பத்தாரின் உடலுழைப்பும் உண்டு.

இங்கேதான் வங்கித் துறையினராகிய நாம் சற்று நின்று கவனிக்க வேண்டியிருக்கிறது. கலைஞர்கள் பலரின் விண்ணப்பங்கள் தேறவில்லை. இரவுதோறும் ரொக்கமாகக் கூலி பெற்றவர்களிடம் வருமானச் சான்று ஏது? பழைய கடன் பாக்கிகளும் சிலருக்குத் தடையாயின. யாருக்காகத் திட்டம் பிறந்ததோ அவர்களே வாசலில் நின்றார்கள். விதியைக் குறை கூற நமக்கு மனமில்லை. தவணை கட்ட இயலாதவருக்குக் கடன் தருவதும் உதவியாகாது. ஆயினும், நம் திருமணங்களில் வாசிக்கும் நாகஸ்வரக் கலைஞரின் கைக்கும் பெரும்பாலும் ரொக்கமே போகிறது. அத்தொகையை அவரது வங்கிக் கணக்கில் செலுத்துவது நமக்குச் சிறு வேலை. நாளை அவர் கடன் கேட்டு வரும்போது காட்டுவதற்கு ஒரு கணக்குப் பதிவேனும் இருக்கும்.

தேறியவர்கள் குடியேறினார்கள். அவ்வீடுகளின் நடுவே, பிரான்ஃபர்டின் தந்தையும் பியானோ ஆசிரியருமான எல்லிஸ் மார்சலிஸ் பெயரில் ஓர் இசை மையம் 2011-இல் திறக்கப்பட்டது. பள்ளி விட்டதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அங்கே இசை பயில வருகிறார்கள்.