மாடியில் சோலார், வீட்டில் கரண்ட் இல்லை! ரூ.1.80 லட்சம் போட்டவருக்கு வந்த சோதனை

சென்னை வேளச்சேரி. 2025 மே மாதம். காலை 11 மணி. அனல் பறக்கும் வெயில்.

மொட்டை மாடியில் 6 சோலார் பேனல்கள் தகதக என்று மின்னிக்கொண்டு இருந்தன.

கீழே வீட்டில் ஃபேன் நின்று போயிருந்தது!

கட்டிலில் 78 வயது மூதாட்டி. வீசிங் நோயாளி. மருந்தைப் புகையாக்கி இழுக்க வைக்கும் நெபுலைசர் மெஷின் பக்கத்திலேயே இருந்தது. ஆனால், அதை ஓட்டக் கரண்ட் இல்லை.

"டேய் ராசா, மூச்சு முட்டுதுடா" என்றார் தாய்.

மகன் ஓய்வு பெற்ற அரசு பஸ் டிரைவர். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆட்டோ பிடித்துத் தாயை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். நல்ல வேளை! உயிருக்கு ஆபத்து இல்லை.

வீடு திரும்பியதும் மனைவி கேட்டார்: "ஏங்க, இவ்வளவு பணத்தைக் கொட்டி சோலார் போட்டோமே, எதுக்கு?"

டிரைவரிடம் பதில் இல்லை.

அன்று பராமரிப்பு வேலைக்காகக் காலை 9 மணி முதல் பகல் 2 மணி வரை மின்தடை. பத்திரிகையில் அறிவிப்பும் வந்திருந்தது. "நமக்குத்தான் சோலார் இருக்கே" என்று அவர் அதைப் படிக்கவே இல்லை.

மறக்க முடியாத இருட்டு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை சென்னையைப் புரட்டிப்போட்டது. வேளச்சேரி தண்ணீரில் மிதந்தது. டிரைவர் வீட்டில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தாய்க்கு விசிறியால் வீசிக்கொண்டு இருந்தார்கள்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டு சோலாருக்கு 'பி.எம். சூர்யகர்' திட்டத்தைத் தொடங்கியது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு ரூ.30 ஆயிரம் மானியம். மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ.18 ஆயிரம். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் ரூ.78 ஆயிரத்தைத் தாண்டாது.

டிரைவர் வீட்டுக்கு ஒரு ஏஜெண்ட் வந்தார். "இனிமே உங்களுக்குக் கரண்ட் கவலையே இல்லை சார்" என்றார்.

3 கிலோவாட் சோலாருக்கு ரூ.1.80 லட்சம் பேசி முடித்தார்கள். முழுப்பணத்தையும் முதலில் கட்ட வேண்டும். மானியம் பிறகுதான் வங்கிக் கணக்கில் விழும். அதுவும் ஒழுங்காக வந்தது. மானியம் போகக் கைச்செலவு ரூ.1.02 லட்சம். எல்லாம் ஓய்வு பெற்றபோது வந்த பணம்!

ஏன் நின்றது?

மறுநாள் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பார்த்தார்.

"ஐயா, இதுல பேட்டரியே கிடையாது. உங்க சோலார் இன்வெர்ட்டர் வாரியத்து லைனோட சேர்ந்துதான் ஓடும். லைன் போனா அதுவும் தானா நின்னுடும்" என்றார்.

"வெயில்தான் அடிக்குதே தம்பி?"

"வெயில் அடிச்சா என்னங்கய்யா? வாரியத்துல லைனை ஆஃப் பண்ணிட்டு கம்பத்துல ஒருத்தன் வேலை செய்வான். உங்க வீட்டுக் கரண்ட் அந்த லைன்ல போனா அவன் கதி?"

டிரைவர் வாயடைத்துப்போனார்.

இது கோளாறு அல்ல. உயிர் காக்கும் ஏற்பாடு. பேட்டரி இல்லாமல் லைனோடு இணைக்கும் வீட்டு சோலார் பொதுவாக இப்படித்தான். ஏஜெண்ட் இதைச் சொல்லவில்லை!

பில் குறைந்தது எவ்வளவு?

ஏஜெண்ட் சொன்னதில் பாதி உண்மை. பில் நிஜமாகவே குறைந்தது.

ஒரு கிலோவாட் சோலார் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட். இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். மழைக்காலத்தில் குறையும்.

டிரைவர் வீட்டில் மகன் குடும்பமும் உண்டு. ஏ.சி. இரண்டு. இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும். 2024 ஜூலை கட்டணப்படி 100 யூனிட் இலவசம் போக பில் ரூ.5,940. சோலார் வந்த பிறகு சில நூறு ரூபாய்தான். வருடத்துக்கு ரூ.30 ஆயிரம் மிச்சம் என்று வைத்தால் போட்ட ரூ.1.02 லட்சம் மூன்றரை வருடத்தில் திரும்பிவிடும். பேனல் 25 வருடம் உழைக்கும்.

ஆனால், எல்லோருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் ஓடும் சின்ன வீட்டில் பில்லே சுமார் ரூ.500தான். அங்கே ரூ.65 ஆயிரத்தில் 1 கிலோவாட் போட்டால் மானியம் போக ரூ.35 ஆயிரம் செலவு. அது திரும்ப 10 வருடத்துக்கு மேல் ஆகும்!

பேட்டரி விலை 'ஷாக்'!

"அப்போ ஒரு பேட்டரியை மாட்டிடு தம்பி" என்றார் டிரைவர். விலையைக் கேட்டதும் பகீர் என்றது.

வீடு முழுக்கக் கரண்ட் வேண்டுமானால் 5 யூனிட் பிடிக்கும் லித்தியம் பேட்டரிக்கே ரூ.1 லட்சத்துக்கு மேல். பேட்டரியோடு சேர்ந்து ஓடும் 'ஹைபிரிட்' இன்வெர்ட்டர் வேறு வாங்க வேண்டும். இருக்கும் இன்வெர்ட்டர் வீண். மத்திய அரசு மானியம் சோலாருக்குத்தான். பேட்டரிக்கு ஒரு பைசா கிடையாது!

இன்னொரு விஷயம். பேட்டரியால் பில் குறையாது. பகலில் மிஞ்சும் கரண்ட் லைனுக்குப் போகிறது. ராத்திரி லைனில் இருந்து எடுக்கிறோம். வரவு செலவை மீட்டர் கணக்கு வைக்கிறது. அந்த லைனே நமக்கு பேட்டரி மாதிரி. தனி பேட்டரி என்பது கரண்ட் போகும் நேரத்துக்கு மட்டும்தான்.

எலெக்ட்ரீஷியன் ஒரு வழி சொன்னார். "பாட்டி ரூமுக்கு மட்டும் சின்ன இன்வெர்ட்டர் போதுங்கய்யா."

சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் ஒன்று. 150 ஏ.எச். டியூப்ளர் பேட்டரி ஒன்று. இரண்டும் சேர்த்து ரூ.24 ஆயிரம். அந்த பேட்டரியில் பயமில்லாமல் எடுக்கக்கூடியது சுமார் ஒரு யூனிட். ஒரு ஃபேன் 75 வாட், எல்.இ.டி. பல்பு இரண்டு 18 வாட். ஐந்து மணி நேரம் தாராளமாக ஓடும். நடுவே பத்து நிமிடம் நெபுலைசரும் ஓட்டலாம். ஏ.சி.யை மட்டும் நினைக்கக் கூடாது.

நாலைந்து வருடத்தில் அந்த பேட்டரியை மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவையும் டிரைவர் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

சுழன்றது ஃபேன்!

அடுத்த பராமரிப்பு நாள் வந்தது. காலை 9 மணிக்கு லைன் போனது. மாடியில் சோலார் வழக்கம்போல நின்றது. பாட்டி அறையில் மட்டும் ஃபேன் சுழன்றது!

"கரண்ட் போயிருச்சாடா?" என்று கேட்டார் தாய்.

"போயிருச்சும்மா. நீ தூங்கு" என்றார் மகன்.

இப்போது தெருவில் யார் சோலார் போடப் போனாலும் டிரைவர் அவர்களைப் பிடித்து நிறுத்துகிறார். "பில் குறையும். தாராளமா போடுங்க. ஆனா காசு குடுக்கிறதுக்கு முன்னாடி ஏஜெண்ட்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க" என்கிறார்.

அந்தக் கேள்வி: "லைன் போனா என் வீட்டு ஃபேன் சுத்துமா?"

பதிலை வாயால் வாங்காதீர்கள். எழுத்தில் வாங்குங்கள்!